ஒத்தைப் பலா முனிக்கு நேர்ந்த சேவல்

அத்தாயியின் மிளகுத் தோட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒற்றைப் பலாமரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் எண்ணெய் ஏறிக் கறுத்த கற்கள். அதுதான் முனி. ஒத்தைப் பலா முனி என்று ஊரில் சொல்வார்கள். செருப்பை வேலியோரம் கழற்றிவிட்டுத்தான் யாரும் அந்த மரத்தைத் தாண்டுவார்கள். மேகலாவும் கல்யாணமாகி மலைமேல் இருக்கிற இந்தப் பைல் நாட்டுக்கு வந்த நாள் முதல் அப்படித்தான் போய் வந்தாள். கை சும்மா இருந்தால் ஒரு கும்பிடு போடுவாள். கையில் கூடையோ சாக்கோ இருந்தால் அதுவும் இல்லை. முனி அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதில்லை.

இந்தத் தை மாதத்தில் மட்டும், அந்த மரத்தைத் தூரத்தில் கண்டாலே அவள் நெஞ்சுக்குள் ஒரு கை நுழைந்து பிடிப்பது போல இருந்தது.

காரணம் இருக்கிறது, சொல்கிறேன். போன வருஷம் மிளகு பறிப்பின்போது அந்தத் தோட்டத்துக்குள்தான் அவளுக்கு முதன்முதலில் மூச்சு முட்டியது. ஆண்கள் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறி மிளகுச் சரங்களைக் கிள்ளிப் போட, பெண்கள் கீழே பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். காலைக் காப்பி குடித்து முடித்து, வெயில் மரங்களுக்கு நடுவில் இறங்குகிற நேரம். முதலில் மூக்கு ஒழுகியது. கண் சிவந்தது. முகமெல்லாம் சுடச்சுட ரத்தம் ஏறியது. அப்புறம் நெஞ்சு. காற்று உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. ஊதின பலூனின் வாயைக் கட்டிவிட்ட மாதிரி. நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டே ஒருத்தி மூச்சில்லாமல் செத்துப்போகலாம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மலைமேலேயே இருக்கிற ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை பிடிக்கச் செய்தார்கள். சாயங்காலம் தெளிந்தாள். மிளகுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள்.

ஆனால் அதற்குப் பிறகும் அவள் மிளகு பறிக்கத்தானே போனாள்? தன் தோட்டத்தில் பறித்தாள். பக்கத்துத் தோட்டத்தில் பறித்தாள். தேவனூர் நாட்டில் பிறந்த வீட்டுக்குப் போய் அங்கேயும் பறித்தாள். இருமல் வந்தது, கொஞ்சம் இழுப்பும் வந்தது. உயிர் போகிற அந்தப் பிடி மட்டும் வரவில்லை. இந்த வருஷம் தையில் முதல் பறிப்புக்குத்தான் மறுபடி அத்தாயி தோட்டத்தில் கால் வைத்தாள். அதே வெயில் நேரம், அதே மூக்கொழுகல், அதே பிடி. இந்த முறை உதடு நீலம் பாரித்துவிட்டது. அவளைப் பாயோடு தூக்கிப் போனார்கள்.

இப்போது தூசியை யாரும் சொல்லவில்லை. எல்லாத் தோட்டத்திலும் ஒரே மிளகுதானே, ஒரே தூசிதானே. அப்புறம் என்ன மிச்சம்? பலாமரத்தடிக் கல்தான் மிச்சம்.

"மூக்கு செத்துப் போச்சுங்கறாளே, அப்பவே எனக்குத் தெரியும்," என்றாள் தண்ணிக் குழாயடியில் கண்ணாயி. "முனி மொதல்ல வாசனையப் புடுங்கும். அப்புறந்தான் மூச்சு."

அதுவும் உண்மைதான். மேகலாவுக்கு மூக்கு அடைத்து வெகு நாளாகிவிட்டது. அடுப்பில் பால் கருகினாலும் தெரியாது. பலாப்பழம் பிளந்து பக்கத்தில் வைத்தாலும் தெரியாது. மிளகை நெரித்து மூக்குக்குள்ளேயே வைத்துப் பார்த்திருக்கிறாள். எரிச்சல் தெரியும், வாசம் தெரியாது. யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. வலிக்காத ஒன்றை நோவென்று எப்படிச் சொல்வது?

அவள் புருஷன் தனபாலுக்கு முனிமேல் பயம் உண்டு. ஆனால் பெண்டாட்டியின் நீல உதட்டைப் பார்த்த பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மறுநாளே அவளைப் பஸ்ஸில் ஏற்றிக் கீழே நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனான்.

அங்கே இருந்த டாக்டர் சுமித்ரா அவசரப்படாத பெண். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே திராட்சைக் குலை மாதிரி சதை வளர்ந்திருக்கிறது என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்து, வெள்ளணுக்களில் ஒருவகை அளவுக்கு மேல் கூடியிருக்கிறது என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"மூச்சு முட்டறதுக்கு முன்னாடி, உடம்புவலி மாத்திரை எதாவது போட்டீங்களா?"

"இல்லீங்க."

"தலைவலி, பல்வலி, இடுப்புவலி? கடையில ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கறது?"

"நான் மாத்திரையே தொடமாட்டேனுங்க டாக்டரம்மா. பிரசவத்துக்கு அப்புறம் ஒன்னுகூட முழுங்கல. வேணும்னா இவரக் கேளுங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். பிறகு, கை விரல்களை விரித்துக் காட்டி, தனபாலுக்கும் புரியும்படி நிதானமாகச் சொன்னார். உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் மாதிரி ஒரு சவ்வு உண்டு, அது கொழுப்பால் ஆனது. ஏதாவது எரிச்சல் பட்டால் சுவரிலிருந்து ஒரு கொழுப்பு கழன்று வரும். அது இரண்டு வழியாகப் போகும். ஒரு வழியில் போனால் வலியும் காய்ச்சலும் தருகிற பொருளாக மாறும். அந்தக் கூட்டத்திலேயே மூச்சுக்குழாயைக் காவல் காக்கிற ஒன்றும் உண்டு. இன்னொரு வழியில் போனால் லூக்கோட்ரையீன் என்று ஒன்றாக மாறும். அது பொல்லாதது. மூச்சுக்குழாயை முறுக்கும், சளியை ஊற வைக்கும், ரத்தத்தில் திரிகிற அந்த வெள்ளணுக்களை வா வா என்று கூப்பிடும். வந்தவை சும்மா இருக்காது. அவையும் அதையே சுரக்கும். குழாய்க்குக் கூச்சம் ஏறிக்கொண்டே போகும். அப்புறம் பனிக்காற்று போதும், அடுப்புப் புகை போதும், கொஞ்சம் வாய்விட்டுச் சிரித்தால்கூட இழுக்க ஆரம்பித்துவிடும்.

"வலி மாத்திரை செய்யற வேலை, அந்த மொத வழிய அடைக்கறது. எல்லாருக்கும் இது ஆபத்தில்ல. உங்க மாதிரி மூக்குல சதை வளந்து, இழுப்பும் இருக்கறவங்கள்ல சிலருக்கு மட்டும், முன்னாடி ஒத்துக்கிட்டிருந்தாலும், காவலும் போயிடும், எல்லாம் ரெண்டாவது வழியில பாஞ்சிடும். அப்பத்தான் இந்த மாதிரி திடீர்னு வரும்."

மேகலாவுக்கு உடனே தங்கள் வயல் ஞாபகம் வந்தது. ஊற்றுத் தண்ணீர் இறங்கி வருகிற இடத்தில் ஒரு கல் உண்டு. அதில் மோதி இரண்டு மடையாகப் பிரியும். ஒருமுறை ஒரு மடையில் மண் சரிந்து அடைத்துக்கொண்டது. தண்ணீர் முழுக்க மற்ற மடையில் பாய்ந்து, அவர்கள் மரவள்ளிக் கிழங்கு போட்டிருந்த பாத்தியை ஒரே ராத்திரியில் அரித்துக்கொண்டு போய்விட்டது. காலையில் பார்த்தால் குச்சியெல்லாம் வேரோடு மிதந்தது. தனக்குள்ளும் அப்படி ஒரு கல் இருக்கிறதா?

டாக்டர் சொன்னது நன்றாகத்தான் புரிந்தது. புரிந்ததுதான் பயமாக இருந்தது. ஏனென்றால் அவள் மாத்திரை போடவில்லையே. மண் சரியாமலே மடை அடைபடுமா? அப்படியானால் அடைத்தது யார்?

இழுக்கிற பம்ப் ஒன்றும், அந்த லூக்கோட்ரையீனின் கையைக் கட்டிப் போடத் தினம் சாப்பிடுகிற மாத்திரை ஒன்றும் கொடுத்தார்கள். "பயப்படாம இதைப் போடலாம், இது வேற. வலி மாத்திரைதான் ஆகாது," என்று டாக்டர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். பஸ் மலையேறியது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாய, மேகலா அந்தப் பலாமரத்தை நோக்கிச் சாய்வது போல உணர்ந்தாள்.

மலையில் மிளகு பறிப்புக்குக் கூலியாள் வைப்பதில்லை. இன்றைக்கு நான் உன் தோட்டத்துக்கு, நாளைக்கு நீ என் தோட்டத்துக்கு. அதை மாத்தாள் என்பார்கள். அத்தாயியும் அவள் புருஷன் சுப்பையனும் மேகலாவின் தோட்டத்தில் வந்து முதல் பறிப்பை முடித்துக் கொடுத்துவிட்டார்கள். இனி அத்தாயி தோட்டத்தில் இரண்டாம் பறிப்பு. மேகலா வீட்டிலிருந்து ஆள் போகாவிட்டால் அடுத்த சுற்றில் இவர்கள் ஏணியைப் பிடிக்க யாரும் வரமாட்டார்கள். பழுத்த சரம் காத்திருக்காது. குருவிக்குப் பாதி, மண்ணுக்குப் பாதி என்று போய்விடும். வருஷம் முழுக்க அந்த மிளகில்தான் குடும்பம் ஓட வேண்டும்.

"நான் ஒருத்தனே ரெண்டாள் வேல செய்யறேன், நீ ஊட்ல கெட," என்றான் தனபால்.

அதுவும் ஆகியிருக்கும். ஆனால் அத்தாயியே நேரில் வந்துவிட்டாள்.

அத்தாயியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பருத்த உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய மனசு. அவள் தோட்டத்தில் வேலை செய்தால் உடம்பு நோகாது என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சே உண்டு. நாள் முழுக்க மரமேறி இறங்கினாலும் சாயங்காலம் கைகால் லேசாக இருக்கும். எல்லாம் அவள் போடுகிற காப்பியின் மகிமை என்பார்கள். கருப்பட்டியும் மிளகும் சுக்கும் தட்டிப்போட்டுப் பெரிய அண்டாவில் கொதிக்க வைப்பாள். அதில் என்ன போடுகிறாய் என்று யார் கேட்டாலும், "எங்கையத்தான் போடறேன்" என்று சிரிப்பாள். மேகலாவுக்குப் பெண் பிறந்தபோது நாள் தவறாமல் வந்து தண்ணீர் ஊற்றிவிட்டவள் அவள்தான்.

வாசலில் நின்றபடியே அத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எந்தோட்டத்து முனி உன்னையப் புடிச்சுதுன்னு ஊரே பேசுது கண்ணு. எனக்கு வெளிய தல காட்ட முடியல. முனிக்குச் சேவல் நேர்ந்துட்டேன். இந்தப் பறிப்பு நல்லபடியா முடிஞ்சா அறுத்துப் பூச போட்டர்றேன்னு சொல்லிட்டேன். நீ வரணும். வந்து நல்லபடியாத் திரும்பிப் போவணும். அப்பத்தான் என் தோட்டத்துப் பேரு நிக்கும்."

"டாக்டரம்மா வேற சொல்றாங்கக்கா. உடம்புவலி மாத்திரை எனக்குச் சேராதாமா. அதுல இப்பிடி வருமாமா."

"நீ எங்க மாத்திரை முழுங்கற?"

"அதத்தான் நானும் சொன்னேன்."

அத்தாயி கொஞ்சம் யோசித்தாள். "முழுங்குனா ஆகாதா? பாவம். எனக்குங்கூட முழு மாத்திரைன்னா தொண்டையில நின்னுக்கும், கொமட்டிக்கிட்டு வரும். செரி, வா கண்ணு. நான் பாத்துக்கறேன்."

அந்த 'நான் பாத்துக்கறேன்' மேகலாவுக்கு அப்போது எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா.

பறிப்பு நாளன்று பனி விலகுமுன்பே போய்விட்டார்கள். பலாமரத்தடியில் மேகலா செருப்பைக் கழற்றினாள். இந்த முறை கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டாள். இடுப்பில் செருகிய பம்ப் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். தொட்டாள், நடந்தாள், மறுபடி தொட்டாள்.

"என்ன மேகலா, இடுப்புல நகையா? அடிக்கடி தடவிப் பாக்கற?" என்றார் ஏணியைத் தூக்கிவந்த சுப்பையன்.

"ஆமாங்க மாமா, உசிரு நகை," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பின் கடைசியில் ஒரு சின்ன விசில் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

காப்பி வந்தது. அத்தாயி எல்லோருக்கும் அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றினாள். மேகலாவுக்கு மட்டும் தனியாக ஒரு சொம்பில் கொண்டுவந்து, டம்ளரில் ஆற்றி, தன் கையாலேயே நீட்டினாள். மேகலா குனிந்து மோந்து பார்த்தாள், பழக்கம் விடவில்லை, ஒன்றும் தெரியவில்லை. சூடும் தித்திப்பும் மட்டும் நாக்கில் பட்டன. அத்தாயி பார்த்துக்கொண்டே நின்றாள். அடி வரைக்கும் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தாள்.

பிறகு காத்திருந்தாள். கை சரம் பொறுக்கியது. காது நெஞ்சுக்குள் இருந்தது. ஒவ்வொரு மூச்சையும் உள்ளே வாங்கி வெளியே விட்டு, இது நன்றாகத்தான் வந்தது, இதுவும் நன்றாகத்தான் வந்தது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பலாமரம் இருந்த திசைக்கு முதுகைக் காட்டாமல் நகர்ந்து நகர்ந்து பொறுக்கினாள். மரத்துக்கு மேலே தனபால் அவளைப் பார்த்துக்கொண்டே சரம் கிள்ளினான். பாதிச் சரம் கூடைக்கு வெளியே விழுந்தது.

வெயில் மரங்களுக்கு நடுவே இறங்கியது. அவள் மூக்கிலிருந்து ஒரு சொட்டு நீர் கையில் இருந்த மிளகின்மேல் விழுந்தது.

அவள் அந்தச் சொட்டையே பார்த்தாள். அப்புறம் காது மடல் சுட்டது. கழுத்து சுட்டது. கூப்பிட வாயைத் திறந்தாள். குரலுக்குப் பதில் விசில்தான் வந்தது.

பம்பை எடுத்து அழுத்தி இழுத்தாள். டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி மூச்சைப் பிடித்து வைக்கப் பார்த்தாள்; பிடித்து வைக்க மூச்சு இருந்தால்தானே. மறுபடி அழுத்தினாள். கதவு இம்மியளவு திறந்தது போல இருந்தது, பிறகு யாரோ மறுபக்கம் முதுகைக் கொடுத்துச் சாத்தியது போல மூடிக்கொண்டது. தனபால் ஏணியில் இறங்கவில்லை, சறுக்கியே வந்தான்.

நல்ல வேளையாக மூட்டை ஏற்ற வந்த சந்தோஷ்குமாரின் ஜீப் ரோட்டில் நின்றது. நூற்றியெட்டுக்குப் போன் போட்டார்கள். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவக்காரியைக் கீழே இறக்கிவிட்டு மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறதாம். மலையேறி வரும்வரை காத்திருக்க முடியாது. "நாங்க எறங்கறோம், நீங்க ஏறுங்க, எங்க சந்திக்கறமோ அங்க மாத்திக்கலாம்," என்று சந்தோஷ்குமார் போனில் கத்தினான். மேகலாவை முன்சீட்டில் நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். தனபாலும் அத்தாயியும் பின்னால் ஏறினார்கள்.

அந்த ரோடு உங்களுக்குத் தெரியும்தானே. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி இறங்கும். ஒவ்வொரு வளைவிலும் மஞ்சள் பலகையில் எண் எழுதியிருக்கும். கீழே போகப் போக எண் குறையும். மேகலா அந்தப் பலகைகளைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். தன் மூச்சைத்தான் யாரோ எண்ணிக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று தோன்றியது.

ஜீப்பின் டாஷ்போர்டைப் பிடித்துக் குனிந்திருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. ஒரு சொல் சொல்ல ஒரு மூச்சு வேண்டும். சொல்லுக்கு மூச்சைச் செலவழிக்க அவளுக்கு மனசில்லை. பெண்ணின் பெயரை மட்டும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். யமுனா. பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறது. காலையில் தலை பின்னிவிட நேரமில்லாமல் ரப்பர் போட்டு அனுப்பியது.

"அக்கா, கண்ண மூடாதீங்க. ரோட்டப் பாருங்க. குரங்கு நிக்குது பாருங்க," என்று சந்தோஷ்குமார் எதையாவது சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினான்.

பின்னாலிருந்து அத்தாயி அவள் முதுகைத் தடவியபடி முனியை ஏசிக்கொண்டிருந்தாள். கும்பிடவில்லை, ஏசினாள். "சேவல் தர்றேன்னு சொன்னனே சாமி! அதுக்குள்ள உனக்கென்ன அவசரம்? பச்சப்புள்ள மாதிரி நம்பி வந்தாளே! ஒடம்பு நோவக்கூடாதுன்னு அவளுக்குன்னு தனியாக் கரைச்சு, ஒரு பொட்டுத் திப்பி இல்லாம வடிகட்டில்ல குடுத்தேன்! நல்லதத்தான செஞ்சேன்!"

தனபால் அவள் பக்கம் திரும்பினான். "என்னத்தக் கரைச்சீங்க?"

"மாத்திரையத்தான்."

ஜீப் ஒரு வளைவில் திரும்பியது. 

"எந்த மாத்திரை, அக்கா?" தனபாலின் குரல் கீழே போய்விட்டது.

"உடம்புவலி மாத்திரைதான் சாமி. எப்பவும் அண்டாவுல ஒரு அட்டையப் பொடி பண்ணிப் போடுவேன். பாடுபடற சனம், ராத்திரி நோவெடுத்து மொனகக் கூடாதில்ல. முழுங்குனாத்தான் இவளுக்கு ஆகாதுன்னாளே. அதான் தண்ணியில நல்லாக் கரைச்சு..." அத்தாயி அங்கே நிறுத்தினாள். தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்தது போல. மேகலாவின் முதுகில் இருந்த கை அசையாமல் நின்றது. பிறகு மெதுவாக எடுத்துக்கொண்டாள், தொடக்கூடாத எதையோ தொட்டுவிட்டது போல.

மேகலா கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. முனி இல்லை. போன வருஷமும் இல்லை, போன மாதமும் இல்லை. காப்பி.

உங்களுக்குத் தோன்றலாம், காரணம் தெரிந்தால் பயம் போகுமே என்று. அவளுக்கு அப்படி ஆகவில்லை. முனியென்றால் கெஞ்சலாம். சேவல் தருகிறேன், பொங்கல் வைக்கிறேன், என் பெண்ணுக்காக விட்டுவிடு என்று காலைப் பிடிக்கலாம். இது வயிற்றுக்குள் இருக்கிறது. டம்ளர் நிறையக் குடித்தது இன்னும் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒரு மடை அடைபட்டுவிட்டது, மறுமடையில் வெள்ளம் பாய்கிறது, அதன் கூப்பாட்டைக் கேட்டு அந்த வெள்ளணுக்கள் திரள் திரளாக வருகின்றன. அதற்குக் காது இல்லை. அதனிடம் என்ன நேர்ந்துகொள்வது?

பயப்படாதீர்கள் கண்ணுகளா, அவள் சாகவில்லை. ஆனால் அந்த வளைவில் அது அவளுக்குத் தெரியாது.

பார்வையின் ஓரங்கள் கறுக்கத் தொடங்கியபோது கீழிருந்து சைரன் கேட்டது. மலை அந்தச் சத்தத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறிந்து விளையாடியது. பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று தெரியவில்லை. சந்தோஷ்குமார் விளக்கைப் போட்டு, ஹாரனில் கையை வைத்து அழுத்தினபடியே இறங்கினான். வண்டிகள் ஒரு வளைவில் முகத்துக்கு முகம் வந்து நின்றன. ஆம்புலன்ஸில் இருந்த பெண் குதித்து இறங்கி, மேகலாவின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, முகத்தில் முகமூடியை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன ஆச்சு? எதாவது சாப்பிட்டாங்களா? பூச்சி கடிச்சுதா?"

தனபால் அத்தாயியைப் பார்த்தான். அவன் சொல்லவில்லை. அவனாகச் சொல்லியிருந்தால் அது பழி சொல்வது. அத்தாயி ஜீப்பின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அண்டா அண்டாவாக ஊற்றிய காப்பியின் பேரெல்லாம், கைராசிப் பேரெல்லாம் அந்த ஒரு சொல்லில் கொட்டிப் போகும் என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

"நாந்தான் குடுத்தேன் தாயி," என்றாள். "உடம்புவலி மாத்திரை. காப்பியில கரைச்சு. அவளுக்குத் தெரியாது."

"எத்தன? எப்ப?"

"ரெண்டு. காலையில, வேலைக்கு எறங்கறப்ப."

"நல்ல வேளை சொன்னீங்க," என்று அந்தப் பெண் ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "இது ஒரு தரம் அடங்கினாலும் திரும்ப ஏறும். ஆஸ்பத்திரியில முன்கூட்டியே சொல்லிடறேன். நெஞ்சு வலிக்குதுன்னாலும் வலி ஊசி போடாம பாத்துக்கணும்."

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தினார்கள். மேகலா கண்ணாடி வழியாகக் கடைசியாகப் பார்த்தது, ரோட்டோரத்தில் செருப்பில்லாமல் நின்ற அத்தாயியைத்தான். தோட்டத்து வாசலில் கழற்றியதைப் போட்டுக்கொள்ளாமலே ஓடிவந்திருந்தாள்.

அந்தப் பெண் சொன்னபடியே ஆஸ்பத்திரியில் அடங்கியது, ஏறியது, மறுபடி அடங்கியது. சில நாள் படுக்கை. மூக்குச் சதை சுருங்கவும் மருந்து கொடுத்தார்கள். ஒரு காலையில் தனபால் குனிந்து போர்வையை இழுத்துவிட்டபோது மேகலா முகத்தைச் சுளித்தாள்.

"ஏனுங்க, குளிச்சு எத்தன நாளாச்சு?"

தனபால் விழித்தான். பிறகுதான் புரிந்தது. வார்டு என்றும் பாராமல் அவன் அழுதுவிட்டான். அவளும் வாய்க்குள் சேலை முந்தியை வைத்துக்கொண்டு சிரித்தாள், வாய்விட்டுச் சிரிக்கப் பயந்து.

வீட்டுக்கு வந்த பிறகு பயம் வேறு உருவில் வந்தது. யார் எதைக் கொடுத்தாலும் கை நீளவில்லை. கோயில் பிரசாதமா, வேண்டாம். பக்கத்து வீட்டு ரசமா, வேண்டாம். பெற்ற தாய் தேவனூரிலிருந்து கொண்டுவந்த தினைமாவைக்கூட, யமுனா தின்று நல்லபடியாக விளையாடுகிறதா என்று பார்த்த பிறகுதான் வாயில் போட்டாள்; போட்ட பிறகு தன்னையே வெறுத்தாள். அன்பாகக் கொடுத்தது அவளைக் கொல்லப் பார்த்திருக்கிறது. இனி எந்த அன்பை நம்புவது?

அத்தாயி அந்தப் பக்கம் வரவேயில்லை.

மூன்றாம் பறிப்பு வந்தது. கடைசிச் சுற்று. "போவ வேண்டாம்," என்றான் தனபால்.  மேகலா எழுந்து, தானே அடுப்பு மூட்டி, தானே காப்பி போட்டு, ஒரு பிளாஸ்கில் ஊற்றி மூடினாள். மாத்தாள் போகிற இடத்துக்குச் சொந்தக் காப்பி கொண்டுபோவது எப்படிப்பட்டது என்று மலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் வீட்டுத் தண்ணீர் எனக்கு ஆகாது என்று முகத்துக்கு நேராகச் சொல்வது அது. பகையாளிகூடச் செய்யமாட்டான்.

பலாமரத்தடியில் ஒரு சிவப்புச் சேவல் கயிற்றில் கட்டிக் கிடந்தது.

"அதான் முனி இல்லன்னு ஆயிருச்சே, இன்னும் எதுக்குக் கோழி?" என்று சுப்பையன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"செய்யாத தப்புக்கு இத்தன நாளாப் பழி சொமந்துட்டு ஒக்காந்திருக்குது. ஒரு சேவலாவது குடுக்க வேண்டாமா? நாந்தான அதும்மேல போட்டேன்," என்றாள் அத்தாயி. குரலில் பழைய கனமில்லை. மேகலாவைப் பார்த்ததும் கண் அவள் கையிலிருந்த பிளாஸ்குக்குப் போனது.

எல்லோரும் பார்த்தார்கள். ஏணி சாய்க்கப் போனவர்கள் அப்படியே நின்றார்கள். மேகலாவுக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் பிளாஸ்கை முந்தானைக்குள் மறைக்கவில்லை.

அன்றைக்கு அண்டாவில் கருப்பட்டியும் மிளகும் சுக்கும் தவிர எதுவுமில்லை. ஊரே அதை அறியும்; அத்தாயி எல்லோர் முன்னாலும் தட்டிப் போட்டாள். இருந்தும் அவள் மேகலாவை நோக்கி டம்ளரை நீட்டவில்லை. சும்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, பிளாஸ்கைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கும் ஒரு வாய் ஊத்தறயா கண்ணு?"

மேகலா மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். அத்தாயி ஊதி ஊதிக் குடித்தாள். தோட்டக்காரியே மாத்தாள் கொண்டுவந்த காப்பியைக் குடித்துவிட்டால் அப்புறம் யார் என்ன சொல்ல முடியும்? நின்றவர்கள் ஏணியைச் சாய்த்தார்கள்.

"சீனி கம்மி," என்றாள் அத்தாயி.

"நான் என்ன, உங்க மாதிரி கையப் போட்டா காச்சறேன்?"

அத்தாயிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணீரும் வந்தது. மேகலா மிச்சக் காப்பியைத் தானும் குடித்தாள். தான் போட்டது, தன் கையாலேயே மூடியது. ஆனாலும் குடித்து முடித்ததும் கை தானாகவே இடுப்பில் இருந்த பம்பைத் தொட்டுப் பார்த்தது.

வெயில் மரங்களுக்கு நடுவே இறங்கத் தொடங்கியது. மேகலா சரம் பொறுக்கினாள். நெரிந்த பச்சை மிளகின் வாசம் மூக்கில் ஏறியது, கார்ப்பாக, ஈரமாக, எத்தனையோ நாளைக்குப் பிறகு. அதை முழுசாக அனுபவிக்க அவளுக்குத் துணிவில்லை. உள்ளே போன மூச்சு வெளியே வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மேலே பார்த்தால், தனபால் சரம் கிள்ளுவதை நிறுத்திவிட்டிருந்தான். சுப்பையனும் நிறுத்தியிருந்தார். எதிரில் அத்தாயி ஒரு சரத்தைக் கையில் பிடித்தபடி, கூடையில் போடாமல், இவள் மூக்கு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டம் முழுக்க ஒரு சத்தமில்லை. பலாமரத்தடியில் சேவல் மட்டும் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தது.

மேகலா மூச்சை விட்டாள். வந்தது.

"என்ன எல்லாரும் என்னையவே பாக்கறீங்க?" என்றாள். "சரத்தப் பறிங்க."